ஒன்றரை லட்சத்துக்கு ஒரு சமையல் இயந்திரம்: வாங்கலாமா, வேண்டாமா?

மூணாறுதலைப்பு | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இழை தொடங்குவது இதுதான் முதல் முறை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலத்தில் வீடு, திருவாரூரில் வேலை. வீட்டில் நான், கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். காலையில் 7.50 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதற்குள் ஐந்து பேருக்குப் பலகாரம், மதியத்துக்கு நாலு டப்பா. இதுவரை பாதி வேலையை மாமியார் பார்த்துக்கொண்டார். போன ஐப்பசி மழையில் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் பழைய பலம் இல்லை. ஒரு பாத்திரத்தைத் தூக்கினால் முகம் மாறுகிறது. வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.

கொழுந்தன் குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது. ஓர்ப்படி அங்கே தெர்மோமிக்ஸ் வைத்திருக்கிறாள். அரைக்கும், நறுக்கும், கிண்டும், வேகவைக்கும், எடை போடும், எல்லாம் ஒரே பாத்திரத்தில். வீடியோ காலில் தக்காளி சூப் செய்து காட்டினாள், அம்மாடி என்றிருந்தது. "அம்மாவுக்காக வாங்குங்க, பாதிக் காசு நாங்க தர்றோம்" என்கிறார்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தை ஒட்டி ஆகும் என்று கணவர் கணக்குப் போட்டிருக்கிறார். பாதி என்றாலும் எங்களுக்கு அது பெரிய காசுதான். நம்மூர்ச் சமையலுக்கு அது உழைக்குமா? வைத்திருப்பவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்.


கடப்பா ரசிகன் | சனி, இரவு 10.15

கும்பகோணத்தில் மெஸ் நடத்துகிறேன், அதனால் முதல் கேள்வி என்னுடையதுதான். இட்லி மாவு அரைக்குமா?

அரைக்கும் என்பார்கள். நான் கேட்பது உப்புமா என்று. (சாப்பிடுகிற உப்புமா இல்லை.) உளுந்து அரைபடும்போது காற்றை உள்ளே வாங்கிக்கொண்டு பஞ்சாக வர வேண்டும். கல்லில் நசுங்கி மெதுவாக அரைபடுவதால் மாவு சூடேறுவதில்லை. பிளேடு வெட்டுகிறது, சூடேற்றுகிறது. மாவு சூடாகிவிட்டால் புளிப்பு வரும், உப்பல் வராது. மிக்ஸியில் அரைக்கிறவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது அதனால்தான்.

தையில் நெல் அறுப்புக்கு முன்னால் வயல் ஈரத்தில் தெளிக்கிற உளுந்து நம் பக்கத்துச் சொத்து. பங்குனி சித்திரையில் வரும் அந்தப் புது உளுந்தைப் பிளேடில் போட்டு வீணாக்கினால் எனக்குத் தூக்கம் வராது.


ரைன்கரை | சனி, இரவு 11.50

பிறந்தது திருத்துறைப்பூண்டி, இருப்பது ஜெர்மனியில். ஆறு வருடமாக தெர்மோமிக்ஸில் டிஎம் 6 என்கிற மாடலை வைத்திருக்கிறேன். விற்கிற ஆள் இல்லை, அதனால் நம்பலாம்.

இது வுப்பர்டாலில் இருக்கும் ஃபோர்வெர்க் கம்பெனியின் சரக்கு. 1971-இல் முதலில் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. கெட்டி சூப்பை ஒரே பாத்திரத்தில் அரைக்கவும் காய்ச்சவும் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த இயந்திரம். இன்றைக்கும் அதன் மனசு சூப்பில்தான் இருக்கிறது. உங்கள் ஓர்ப்படி தக்காளி சூப் செய்து காட்டியது தற்செயல் இல்லை. 😀

என்னிடம் இருக்கும் டிஎம் 6-இன் பாத்திரம் 2.2 லிட்டர். ஐந்து பேருக்குக் குழம்பு வைக்கலாம், விருந்தாளி இருவர் வந்துவிட்டால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். நாமாகச் சூடு வைத்தால் 37 டிகிரியிலிருந்து 120 வரை. அதன் சொந்தச் சமையல் குறிப்புகள் சிலவற்றில் மட்டும் 160 வரை போகும். இதன் அர்த்தம் உங்களுக்கே தெரியும்: தாளிப்பு அதில் சரிப்படாது. கடுகு வெடிக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் இன்றுவரை தாளிப்பதற்குச் சின்ன இரும்புக் கரண்டியைத்தான் அடுப்பில் வைக்கிறேன்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. இதில் பிரஷர் கிடையாது. துவரம்பருப்பு குக்கரில் நாலு விசிலில் குழையும், இதில் முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவது அருமை. தேங்காய்ப்பால், சட்னி, கேழ்வரகுக் கஞ்சி, பால்கோவா, பிள்ளைகளுக்குக் காய்கறி ஆவியில் வேகவைப்பது, இதிலெல்லாம் குறையே சொல்ல முடியாது. கஞ்சியைப் பக்கத்தில் நின்று துழாவ வேண்டாம், அடிப்பிடிக்காது. குளிக்கப் போய்விட்டு வரலாம். அந்தச் சுதந்திரத்துக்கு எவ்வளவு விலை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன் என்று கொழுந்தன் சொன்னால் அவசரப்படாதீர்கள். இப்போது இந்தியாவிலேயே விற்கிறார்கள். மின்சாரம் இரண்டு நாட்டிலும் ஒரே 230 வோல்ட்தான், பிரச்சினை அதில் இல்லை. வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்பதை எழுத்தில் வாங்காமல் பெட்டியைத் தூக்காதீர்கள்.


சிட்டா அடங்கல் | ஞாயிறு, காலை 6.20

வயலை வைத்துக் கணக்குப் போட்டால்தான் எனக்குப் புரியும்.

2025-26-க்குச் சாதாரண ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஒன்றரை லட்சம் என்றால் 60 குவிண்டால். 40 கிலோ சிப்பமாக 150 சிப்பம். எங்கள் பக்கம் ஏக்கருக்கு இரண்டு டன் கண்டால் மோசமில்லை என்போம். ஆக மூன்று ஏக்கர் சம்பா, அதுவும் உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின் வாடகை எதையும் கழிக்காமல். மூன்று ஏக்கரை ஒரு பாத்திரத்துக்குள் போட்டு அரைக்கிறீர்கள் அக்கா.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் உழைத்தால் நாளொன்றுக்கு 41 ரூபாய். இரண்டு டீ, ஒரு வடை. பத்து வருடம் உழைக்குமா என்பதுதான் விஷயம்.


வேதாரண்யம் உப்பு | ஞாயிறு, காலை 8.05

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர மூன்று வாரம் ஆயிற்று. மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தன. கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருந்த அம்மியைக் கழுவி உள்ளே கொண்டு வந்தோம். அந்த மூன்று வாரம் எங்கள் தெருவில் யார் வீட்டில் அம்மி இருக்கிறதோ அவர்கள்தான் பணக்காரர்கள்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில், அதுவும் கரண்டுக் கூடையில் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.


சோழமண்டலம் | ஞாயிறு, காலை 8.30

எங்கள் அம்மா பத்துப் பேருக்கு ஆட்டுக்கல்லில் அரைத்தார், விறகடுப்பில் சமைத்தார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் மிஷின். கை வலி என்பதே மிஷின் வந்த பிறகு வந்த வியாதி.


ரைன்கரை | ஞாயிறு, மதியம் 12.10

சோழமண்டலம் அண்ணா, அம்மா அரைத்தார், சரி. நீங்கள் எத்தனை நாள் அரைத்தீர்கள்? முகம் சுளித்தாரா இல்லையா என்பது ஆட்டுக்கல்லைப் பார்த்துக் குனிந்திருந்தவருக்குத்தான் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவருக்கு எப்படித் தெரியும்?


மட்டுறுத்துநர் | ஞாயிறு, மதியம் 12.25

இத்துடன் இந்தக் கிளையை நிறுத்திக்கொள்வோம். இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசவும். விற்பனை இணைப்புகளோடு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.


பழைய லைன்மேன் | ஞாயிறு, மாலை 4.45

முப்பது வருடம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவன், இப்போது ஓய்வு. வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம்மா. வாங்குகிறவர்கள் பிளக்கை மாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த மாதிரிச் சாமான் மோட்டாரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது 1,500 வாட் இழுக்கும். 230-ஆல் வகுத்தால் ஆறரை ஆம்பியர். சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் போட்டிருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் ஆறு ஆம்பியருக்கானது. தாங்குகிற மாதிரி தாங்கி, ஒரு நாள் உள்ளே கருகும். ஃபிரிட்ஜுக்குப் போடுகிற பெரிய பாயிண்ட், அதுவும் தனி ஒயர் இழுத்து வேண்டும். ஃபிரிட்ஜ் பாயிண்டிலேயே மல்ட்டி பிளக் போட்டு மாட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டியவர்கள் பலர் எர்த் பைப்பைக் கொல்லையில் புதைத்ததோடு சரி, அதற்கப்புறம் திரும்பிப் பார்த்ததில்லை. எவர்சில்வர் பாத்திரத்தை ஈரக் கையோடு தொடுகிற சாமானுக்கு எர்த் இல்லாமல் இருக்கக் கூடாது.

மூன்றாவது வோல்டேஜ். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டுக்குக் கவலையில்லை. லைனின் கடைசியில் இருக்கிறவர்களுக்குக் கோடையில் சாயந்தரம் விளக்கு மங்கினால், உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருக்கிற எதற்கும் அது கெட்ட நேரம். ஸ்டெபிலைசர் போடுவதானால் 2 கேவிஏ-வுக்குக் குறையாமல். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று யாரோ தனிச்செய்தியில் கேட்டிருந்தார். ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான், இதை மாட்டினால் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

கரண்டு பில்லைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்தான். ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வீடு என்றால் எச்சரிக்கை. அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே வேறு.


மூணாறுதலைப்பு | ஞாயிறு, இரவு 9.15

இத்தனை பதில்களா! எல்லோருக்கும் நன்றி.

லைன்மேன் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டெஸ்டரோடு போய்ப் பார்த்தோம். எங்கள் சமையலறையில் இருப்பவை எல்லாமே சின்ன பாயிண்ட். இத்தனை வருடம் இண்டக்‌ஷன் அடுப்பையும் அதிலேதான் ஓட்டியிருக்கிறோம். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் பழுப்பேறிக் கிடக்கிறது.

பிரஷர் இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஓர்ப்படியிடம் கேட்டால், "பருப்பு நான் டப்பாவில் வெந்ததா வாங்கிடுவேன் அக்கா" என்கிறாள்!

முன்பும் ஒரு தடவை சூடு பட்டிருக்கிறோம். நாலு வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் ஒரு கம்பெனியின் பதினான்கு வேலை செய்யும் மின்சாரக் குக்கர் வாங்கினோம். ஏழாவது மாதம் தொடுதிரை செத்துவிட்டது. சர்வீசுக்குக் கூப்பிட்டால் சென்னைக்கு அனுப்புங்கள், கூரியர் செலவு உங்களுடையது என்றார்கள். இப்போது அதன் உள்பாத்திரத்தில் அரிசி போட்டு வைத்திருக்கிறோம், பதினைந்தாவது வேலை. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த அரசு மிக்ஸி இன்னும் மாமியார் அறையில் மிளகு பொடிக்கிறது. புஷ் போனால் கடைத்தெருவில் ஒரு தம்பி அரை மணியில் மாற்றிக் கொடுக்கிறான்.


ஐயன்கடைத்தெரு | திங்கள், காலை 10.30

தஞ்சாவூர். என்னிடம் இருக்கிறது, டிஎம் 6. மகள் வாங்கிக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. நானும் கணவரும் மட்டும்தான் வீட்டில். அவருக்குப் பல் பிரச்சினை, எதையும் மசித்துத்தான் சாப்பிடுகிறார். எங்கள் வீட்டுக்கு அது சாமி மாதிரி. காலையில் கஞ்சி, மதியம் காய் மசியல், ராத்திரி சூப். மூன்று வேளையும் ஓடுகிறது.

போன மாதம் மகளும் பேரப்பிள்ளைகளும் வந்து பத்து நாள் இருந்தார்கள். அந்தப் பத்து நாளும் அதன் மேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தேன். ஆறு பேருக்கு அதில் என்னத்தைச் செய்வது?

திரையில் வருகிற சமையல் குறிப்புகளுக்குத் தனியாக வருடச் சந்தா. நான் ஆரம்பத்தில் ஆசையாக நாலு செய்து பார்த்தேன், இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. எனக்குத் தெரிந்த கஞ்சிக்கு யாருடைய குறிப்பு வேண்டும்?

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் என்ன தூரம்? ரயில் ஏறினால் வந்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரை அழைத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் உளுந்தைக் கொண்டு வாருங்கள், உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். விற்கிறவர்கள் வீட்டுக்கே வந்து செய்து காட்டுவார்கள்தான். அவர்கள் செய்து காட்டுவதெல்லாம் அதற்குப் பிடித்த பண்டமாக இருக்கும்.

வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு மாமியார் எந்த வேலையில் கையை உதறுகிறார் என்று குறித்து வையுங்கள். அவரிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். பாருங்கள்.


சிட்டா அடங்கல் | திங்கள், காலை 11.00

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான். என் மூன்று ஏக்கரையும் சேர்த்துச் சொல்கிறேன்.


மூணாறுதலைப்பு | செவ்வாய் (அடுத்த வாரம்), இரவு 10.20

குறித்து வைத்தேன். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூருக்கும் போய்விட்டு வந்தோம். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நோட்டு. கிண்டுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். மாமியார் இந்த வாரம் முழுக்க இடது கையால் கிண்டினார், அதற்குப் பழகிவிட்டார். கையை உதறியது வேறு இடங்களில். கிரைண்டரிலிருந்து குழவியைத் தூக்கும்போது இரண்டு நாளும். (வாரத்துக்கு இரண்டு முறை அரைக்கிறோம். எங்களுடையது திருமணச் சீராக வந்த பழைய நின்ற கிரைண்டர், குழவியை இரண்டு கையாலும் தூக்க வேண்டும்.) குக்கர் மூடியைத் திருகும்போது தினமும். தேங்காய் துருவும்போது நாலு நாள். அடி கனமான குழம்புச் சட்டியைத் தேய்த்துக் கழுவும்போது தினமும். ஈரத் துணி பிழியும்போது. இதில் அந்த இயந்திரம் எதைத் தூக்கிக்கொள்ளும்? தேங்காயைச் சில்லாக உடைத்துப் போட்டால் துருவிவிடும், அது மட்டும்தான்.

அப்புறம் தஞ்சாவூர். ஐயன்கடைத்தெரு அம்மா பெரிய மனசு பண்ணி முழு அடுக்களையையும் எங்களிடம் விட்டுவிட்டார். உளுந்தை ஊறப்போட்டு டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன், அதே உளுந்தில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு. ஒரு தம்ளர் உளுந்து, ஐஸ் தண்ணீர், இரண்டு இரண்டு நிமிடமாக நிறுத்தி நிறுத்தி அரைத்தோம். மழமழவென்று வந்தது. மாமியார் விரலால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். மிதந்தது, ஆனால் கொஞ்சம் யோசித்துத்தான் மிதந்தது. பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ் போட்டும் வெதுவெதுப்பு.

அடுத்தது மாமியார் கேட்டது: அசோகா. திருவையாற்றுக்காரர், பிறந்த வீட்டுப் பலகாரம். வெந்த பாசிப்பருப்பைப் போட்டு மசித்து, அங்கேயே எடை பார்த்துச் சர்க்கரையைக் கொட்டி, கத்தி திரும்பிச் சுற்றும்படி வைத்து 100 டிகிரியில் விட்டோம். கோதுமை மாவை நெய்யில் சிவக்க வறுப்பதை மட்டும் அடுப்பில் செய்தேன். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எங்கள் வீட்டில் அசோகா கிண்டும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வாணலி ஓரத்தில் நெய் பிரிகிறதா, கையில் தெறிக்கிறதா என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பார். இங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, "இப்ப எப்படி இருக்கும்னு திறந்து காட்டு" என்றார். ஆவி முகத்தில் அடித்தது, நிறம் தெரியவில்லை. நெய்யை மூடித் துவாரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். வந்தது. நன்றாகவே வந்தது, சொல்லித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் கூழ்ப்பதம், கடைசியில் அடுப்பில் மூன்று நிமிடம் இறுக்க வேண்டியிருந்தது.

கத்திக்கு அடியில் ஒட்டிக்கொண்டதை வழிக்கத்தான் உயிர் போயிற்று. நாலு கத்தி, நாலுக்கும் அடியில் அசோகா. ஐயன்கடைத்தெரு அம்மா அதற்கென்றே ஒரு மெல்லிய கரண்டி வைத்திருக்கிறார். தண்ணீரும் சோப்பும் ஒரு சொட்டு விட்டுச் சுற்றவிட்டால் தானே கழுவிக்கொள்கிறது, அது உண்மை. ஆனால் எங்கள் வீட்டுத் தொட்டியில் கிடக்கிற குக்கரும் குழம்புச் சட்டியும் தோசைக்கல்லும் தானே கழுவிக்கொள்ளாதே.

நடுவில் ஒரு முறை கரண்டு போய் வந்தது, இரண்டு நிமிடம்தான். மாமியார் மெதுவாக என் காதில், "அடுப்புன்னா அணையாதுல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து மீதி உளுந்தைக் கிரைண்டரில் போட்டேன். இரண்டுக்கும் ஒரே அளவு அரிசி மாவு, ஒரே உப்பு, ஒரே மாதிரிப் பாத்திரம். காலையில் கிரைண்டர் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. இயந்திர மாவு பாத்திரத்தின் கழுத்துக்குக் கீழே நின்றுவிட்டது. இட்லி மோசமில்லை. பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மாமியார் ஒன்றைப் பிட்டுப் பார்த்து, "பத்து மணிக்கு மேல ஓட்டல்ல குடுக்குற இட்லி" என்றார்.


கடப்பா ரசிகன் | செவ்வாய், இரவு 10.50

அந்த ஓட்டல் என்னுடையதாக இருக்காது என்று நம்புகிறேன்.

மாவு சோதனையை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். ஒரே உளுந்து, ஒரே ராத்திரி. ஆனால் உங்களுக்கு இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் நோட்டில் முதல் வரியே குழவி. டில்டிங் கிரைண்டர் என்று இருக்கிறதே, மேடை மேல் வைத்துக்கொள்வது. கல்லைக் கழற்ற வேண்டாம், பாத்திரத்தைச் சாய்த்து வழித்துக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் உங்கள் குடும்பத்துக்குப் போதும். என் மெஸ்ஸில் பெரிய அளவில் அதுதான். வாங்கும்போது கடையில் காலியாக ஓட்டிப் பார்க்காதீர்கள், சாய்த்துப் பாருங்கள். சாய்க்கிற கைப்பிடி சில மாடலில் முரட்டுத்தனமாக இருக்கும். மாமியாரையே சாய்க்கச் சொல்லுங்கள்.


வேதாரண்யம் உப்பு | செவ்வாய், இரவு 11.05

குக்கர் மூடிக்கு ஒரு வழி. உள்மூடி குக்கரை மாற்றி, மேலே கவ்விக்கொள்கிற வெளிமூடி குக்கர் வாங்குங்கள், அல்லது புது ரப்பர் வளையம் போட்டு ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் சமாளித்தோம். அவருக்கு முட்டி, உங்களுக்கு மணிக்கட்டு, குக்கருக்கு ஒன்றுதான்.


ரைன்கரை | புதன், அதிகாலை 1.30

எனக்கு ஒரு சந்தேகம். காசு பாதி கொழுந்தன் தருகிறார் என்றால், வேண்டாம் என்று சொல்வது யார்? இங்கேயிருந்து பார்த்தால், அம்மாவுக்குப் பக்கத்தில் இல்லை என்கிற குற்ற உணர்ச்சிக்கு ஒரு பெட்டி வாங்கி அனுப்புவது ரொம்பச் சுலபம். நானும் செய்திருக்கிறேன். திருத்துறைப்பூண்டியில் என் அம்மா வீட்டில் நான் அனுப்பிய காபி மிஷின் இருக்கிறது. அம்மா இன்னும் ஃபில்டரில்தான் போடுகிறார். நான் ஊருக்குப் போகிற பதினைந்து நாள் மட்டும் அந்த மிஷினைத் துடைத்து மேடையில் வைப்பார்.


மூணாறுதலைப்பு | சனி, மாலை 6.40

ரைன்கரை, உங்கள் பதிவைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் தம்பிக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். நான் பக்கத்தில் இல்லை, அதனால் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள்.

முடிவு இப்போதைக்கு இதுதான். இயந்திரம் வாங்கவில்லை. டில்டிங் கிரைண்டர் ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. மன்னார்குடிக் கடையில் மாமியார் மூன்று மாடலைச் சாய்த்துப் பார்த்தார், கடைப் பையன் முதலில் சிரித்தான், அப்புறம் அவனே நாலாவதை எடுத்து வந்தான். அதைத்தான் வாங்கினோம். மூடி கவ்வும் குக்கர் ஒன்று. பாத்திரம் தேய்க்க மாலையில் மட்டும் வந்துகொண்டிருந்த அக்கா இனிமேல் காலையிலும் வருகிறார். அவருடைய கூடுதல் சம்பளத்தைக் கொழுந்தன் மாதாமாதம் அனுப்புவதாக ஏற்பாடு. கொழுந்தனுக்கு இதில் அவ்வளவு திருப்தி இல்லை. படம் எடுத்துப் போடுகிற மாதிரி பொருள் ஒன்றும் இல்லையே.

லைன்மேன் ஐயா, எலக்ட்ரீஷியன் வந்து பெரிய பாயிண்ட் போட்டுவிட்டார். எர்த் ஒயர் கொல்லைக் குழாயடியில் துருப்பிடித்து அறுந்து கிடந்ததாம். எத்தனை வருடமாகவோ. அதையும் மாற்றினார்.

நாளைக்குப் பிள்ளைகள் வெளியூர் போய், நாங்கள் இரண்டு மூன்று பேராகச் சுருங்கி, கஞ்சியும் மசியலும்தான் சாப்பாடு என்றாகும்போது ஐயன்கடைத்தெரு அம்மா மாதிரி நானும் வாங்குவேனாக இருக்கும். பாயிண்ட் தயாராக இருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது ரயிலில் மாமியார் ரொம்ப நேரம் பேசாமல் வந்தார். அம்மாபேட்டை தாண்டியதும், "அதுல சக்கரைய கொட்டக் கொட்ட எடை காட்டிச்சே, அந்தத் தராசு மட்டும் தனியா கிடைக்குமா?" என்றார். 450 ரூபாய்க்குக் கிடைத்தது. இப்போது வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டிருக்கிறார். கறிவேப்பிலை உட்பட.